பருவம் தவறும் காலத்தில் காவிரி டெல்டாவுக்கு எந்தக் கொள்கை உதவும்?

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப விவசாயம் தன்னை மாற்றிக்கொள்ள அரசின் வேளாண் கொள்கை எவ்வாறு உதவ முடியும் என்பது கேள்வி. வறட்சியைத் தாங்கும் விதை, சொட்டுநீர், சிறுதானியம், பயிர்க்காப்பீடு என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகளில் எதுவும் தவறில்லை. ஆனால் ஊர், மண், பாசனம் எதையும் குறிப்பிடாமல் சொல்லும்போது அவை நல்லெண்ணங்களாகவே நின்றுவிடுகின்றன. ஆகவே எனக்கு ஓரளவு தெரிந்த காவிரி டெல்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். டெல்டா விவசாயிக்குப் பருவத்தைப் பார்த்துப் பயிரை மாற்றத் தெரியும். மாற்றினால் கைநட்டம் வரும்படி தண்ணீர் திறப்பும் கொள்முதலும் காப்பீடும் நில ஆவணமும் அமைந்திருப்பதால்தான் அவர் மாற்றாமல் இருக்கிறார். கொள்கை கைவைக்க வேண்டிய இடம் இந்த நான்கும்தான். புதிய விதையும் புதிய கருவியும் இவற்றுக்குப் பின்னால் வர வேண்டியவை.

முதலில், மாறியிருப்பது என்ன? தமிழகத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வடகிழக்குப் பருவமழை தருகிறது. இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு டெல்டாவின் நிலையைப் புரிந்துகொள்ள முடியாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும், அறுவடைக்கு நின்ற சம்பா நெற்பயிர் எதிர்பாராத மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியின் தென்னந்தோப்புகளை ஓர் இரவில் அழித்தது. வெப்பத்தின் பாதிப்பு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. பூக்கும் நேரத்தில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லில் பதர் கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் செய்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைவதாகக் காட்டியது. மழை குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்: மழை தான் வர வேண்டிய நாளை விட்டு விலகிப்போகிறது, வந்தால் ஒரேயடியாக வருகிறது.

டெல்டாவின் விவசாயமோ நாட்களை நம்பி நடப்பது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. ஜூனில் தண்ணீர் வந்தால் நூறு நாளைச் சற்றுத் தாண்டும் குறுவை நெல், அது அறுவடையானதும் அதே வயலில் இரண்டாம் நெற்பயிராகத் தாளடி. குறுவை போடாத வயலில் ஆகஸ்டு முதல் சம்பா. தை மாதத்தில் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பு. இதில் ஒரு நாள் தள்ளினால் அடுத்தது தள்ளும். ஆகஸ்டு கடைசியில் நடவு செய்த சம்பா பிப்ரவரியில்தான் அறுவடைக்கு வரும். அதற்குள் மண்ணின் ஈரம் வற்றிவிடுவதால் உளுந்து தெளிக்க வழியில்லை. உளுந்து வருமானம் போனால் அந்தக் குடும்பத்தின் கோடைச் செலவுக்கு வட்டிக்கடன்தான் வழி. ஆகவே தண்ணீர் திறக்கும் நாள் பாசனத்துறையின் முடிவு மட்டுமன்று. டெல்டாவின் மிகப் பெரிய வேளாண் கொள்கை முடிவு அதுவே.

அந்த முடிவு இப்போது எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். 2023 ஜூன் 12 அன்று அணையில் 103 அடித் தண்ணீர் இருந்தது. மரபுப்படி திறந்தார்கள், குறுவை பரவலாக நடவானது. தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் பொய்த்தது, வர வேண்டிய பங்கு வரவில்லை, அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கான திறப்பு நிறுத்தப்பட்டது. கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2024-இல், ஜூன் 12 அன்று அணையில் போதிய தண்ணீர் இல்லை, திறக்கவில்லை, போர்செட் (ஆழ்துளைக் கிணற்று மோட்டார்) இல்லாதவர்கள் குறுவையைக் கைவிட்டார்கள். ஏழே வாரத்தில், ஜூலை 30 அன்று, அணை 120 அடியை எட்டி உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. முதலாண்டில் நம்பி நட்டவர் இழந்தார், இரண்டாம் ஆண்டில் நம்பாமல் விட்டவர் இழந்தார். இதற்கு முன்பு 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் அணை திறக்கப்படவே இல்லை. 2022-இலோ மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்.

இதைக் கர்நாடகத்தின் பிடிவாதம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம். மேடைகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். பிடிவாதம் இருப்பது உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி இரு மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வர வேண்டும் என்றாலும், அந்த மாதவாரிக் கணக்கில் ஜூன் மாதத்துக்கு உரியது 9.19 டி.எம்.சி. மட்டுமே. அணையிலிருந்து நொடிக்கு 10,000 கன அடி வீதம் திறந்தால் அது பதினொரு நாளுக்குக் கூடப் போதாது. அதாவது தீர்ப்பு எழுத்துக்கு எழுத்து நிறைவேறினாலும், ஜூன் 12 திறப்பு முந்தைய ஆண்டின் மிச்சத்தை நம்பியே நிற்கிறது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதற்கு, இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டு அப்படியே பயன்படுத்தக்கூடிய சூத்திரம் இன்றுவரை நடைமுறையில் இல்லை. காவிரி மேலாண்மை ஆணையம் கூடுவதும், உத்தரவிடுவதும், அதை எதிர்த்து வழக்குப் போவதுமாக ஆகஸ்டு கழிந்துவிடுகிறது. பருவநிலை மாற்றத்தை முன்னிறுத்தி டெல்லியில் தமிழகம் கேட்க வேண்டிய முதல் பொருள் இந்தச் சூத்திரம்தான் என்பேன்.

மாநிலம் தானாகவே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அணை இருப்பு, பருவமழை முன்னறிவிப்பு, கர்நாடக அணைகளின் நிலை ஆகிய மூன்றையும் வைத்து, மே மாதக் கடைசிக்குள் பகுதிவாரியாக ஒரு பயிர்த் திட்டத்தை வெளியிடலாம். போர்செட் வசதியுள்ள தஞ்சாவூர், கும்பகோணம் தலைமடைப் பகுதியில் இத்தனை ஏக்கர் குறுவைக்குத் தண்ணீர் உறுதி. காவிரியின் கிளையான வெண்ணாற்றின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பகுதியில், குறுவை வேண்டாம், கோடை உழவு செய்து ஆகஸ்டில் நேரடி விதைப்பாகச் சம்பா போடலாம். இடைப்பட்ட பகுதி ஜூலை 15-க்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். சொன்னபடி நடந்துகொண்டவருக்கு வரக்கூடிய இழப்பை அரசு ஏற்பதும் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும். இப்போது நடப்பது வேறு. தண்ணீர் திறக்க முடியாத 2024-இலும் 78.67 கோடி ரூபாயில் குறுவைச் சிறப்புத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் தரப்பட்டது. போர்செட் வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றை நம்பி அந்தப் பருவத்தை இழந்தவருக்கு அந்தத் தொகுப்பில் பெரிதாக இடமில்லை. தண்ணீர் இல்லாத ஆண்டில் நெல் நடுபவருக்கு உதவி, நடாமல் விடுபவருக்கு ஒன்றுமில்லை என்றால், அந்தக் கொள்கை எதை ஊக்குவிக்கிறது?

அடுத்தது கொள்முதல். டெல்டாவில் நெல்லை விட்டு வேறு பயிருக்குப் போகச் சொல்பவர்கள் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் தேங்கி நிற்கும் அந்தக் களிமண்ணில் நெல்லைத் தவிர வேறெந்த வயல் பயிரும் நிற்காது. சம்பாவுக்கு மாற்றாகக் கேழ்வரகு போடலாம் என்று எழுதுபவர்கள் மழைக்காலத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒருமுறை போய்வருவது நல்லது. மாற்றுப் பயிருக்கு இடமிருப்பது குறுவைப் பட்டத்திலும் கோடையிலும்தான். அங்கே உளுந்து, பயறு, எள், நிலக்கடலை எல்லாம் வரும். அவை ஏன் போதிய அளவில் வருவதில்லை என்பதை ஆதரவு விலைப் பட்டியலை வைத்து விளக்க முடியாது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், கேழ்வரகுக்கு 4,886, உளுந்துக்கு 7,800, எள்ளுக்கு 9,846 என்று ஒன்றிய அரசு விலை அறிவித்தது. அந்தப் பருவ நெல்லுக்கு மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ரூபாய் என்று அறிவித்தது. தாளில் பார்த்தால் எள் கொழிக்க வேண்டும். ஆனால் நெல்லுக்கு மட்டும்தான் ஊருக்கு ஊர் நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. கொண்டுபோய்ப் போட்டால் எடுத்துக்கொள்கிறார்கள், பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. உளுந்தை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட அளவுக்கு, குறிப்பிட்ட தரத்தில் வாங்குவார்கள். எள்ளின் விலையை வியாபாரிதான் சொல்வார். விவசாயி விலையைப் பார்த்துப் பயிர் வைப்பதைவிட, வாங்கும் இடத்தைப் பார்த்து வைப்பதே அதிகம். இழப்பைத் தாங்கும் வசதி இல்லாதவருக்கு அதுவே சரியான கணக்கும்கூட.

இதை மாற்ற முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நுகர்பொருள் வாணிபக் கழகம் கேழ்வரகைக் கொள்முதல் செய்யத் தொடங்கியது. 2023 முதல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கப்படுகிறது. வாங்குவதும் வழங்குவதும் ஒரே சங்கிலியாக இணைந்ததால் அந்தத் திட்டம் நிற்கிறது. அதே வழியில் டெல்டாவின் கோடை உளுந்தையும் பயறையும் சத்துணவுக்கும் ரேஷனுக்கும் வாங்க முடியும். ரேஷனில் பருப்பு ஏற்கெனவே மாநில அரசின் செலவில்தான் வழங்கப்படுகிறது. அந்தக் கொள்முதலில் ஒரு பங்கைக்கூட டெல்டாவின் ஊர்களுக்குத் திருப்பினால், ஜூனில் தண்ணீர் வராத ஆண்டில் விவசாயிக்கு நம்பிக்கையோடு போக ஒரு வழி இருக்கும்.

நெல் கொள்முதலின் விதிகளும் பழைய பருவத்துக்காக எழுதப்பட்டவை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அனைத்திந்திய அளவுகோல். வறண்ட காற்றில் அறுவடை நடக்கும் இடத்துக்கு அது பொருந்தும். குறுவை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரில் டெல்டாவின் களங்களில் அந்த அளவை எட்டுவது, மழை இரண்டு நாள் பிடித்துக்கொண்டாலே இயலாத காரியம். ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. நெல் சாலையோரத்தில் குவிகிறது. 22 சதவீதம் வரை அனுமதிக்கக் கோரி மாநில அரசு கடிதம் எழுதுகிறது. ஒன்றியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது. தளர்வு வரும்போது பாதி நெல் முளைத்திருக்கிறது, அல்லது வியாபாரியிடம் கிடைத்த விலைக்குப் போயிருக்கிறது. இந்தச் சடங்கைத் தவிர்ப்பது கடினமன்று. குறிப்பிட்ட மாவட்டத்தில் குறிப்பிட்ட வாரத்தில் பதிவான மழை இவ்வளவைத் தாண்டினால் ஈரப்பத வரம்பு தானாக உயரும், அதற்கேற்ற விலைப்பிடித்தம் இவ்வளவு என்று விதியை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். மழைப்பதிவு ஒன்றிய அரசின் வானிலைத் துறையிடமே இருக்கிறது. குழு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. அத்துடன் கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரமும், தார்ப்பாய்க்குப் பதிலாகக் கூரையும் வேண்டும். இவற்றைப் பருவநிலைத் தகவமைப்பு என்று யாரும் பெருமையாக அழைப்பதில்லை. ஆனால் ஒரு கூரைக்கு ஆகும் செலவையும், ஒரு வார மழையில் அந்த நிலையத்தில் வீணாகும் நெல்லின் மதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இதைவிட விரைவாகப் பலன் தரும் தகவமைப்பு முதலீடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பயிர்க்காப்பீட்டுக்கு வருகிறேன். 2016 காரிப் பருவத்தில் தொடங்கிய பிரதமரின் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்துவது காரிப் (மழைக்கால) பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிப் (குளிர்கால) பருவத்துக்கு 1.5 சதவீதம், மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். 2020-இல் ஒன்றிய அரசு தன் பங்குக்கு ஒரு வரம்பு வைத்தது. பாசனப் பகுதிகளில் 25 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் போனால், அதற்கு மேற்பட்ட தொகையில் தான் பங்கேற்பதில்லை என்றது. இடர் கூடக் கூடப் பிரீமியம் கூடும்; பிரீமியம் கூடிய இடத்தில் பாரம் மாநிலத்தின் தலையில் விழும். அப்படிப் பார்த்தால், எங்கே ஆபத்து மிகுதியோ அங்கே திட்டம் மெலியும்படிதான் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. 2023-இல் குறுவை கருகியபோது அந்தப் பருவ நெல்லுக்குக் காப்பீடே நடைமுறையில் இல்லை. நிவாரணம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த அறிவிப்பாகவே வந்தது.

காப்பீடு இருக்கும் சம்பாவிலும் சிக்கல் உண்டு. இழப்பு தனித்தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரி ஓர் உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. அந்த உத்தரவாத விளைச்சல், கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதமாக வைக்கப்படுகிறது. ஏழில் இரண்டு ஆண்டு கெட்டால் கணக்கு தாங்கும். மூன்று, நான்கு ஆண்டுகள் கெடத் தொடங்கினால் அந்த மோசமான ஆண்டுகளும் சராசரிக்குள் நுழைந்து, உத்தரவாதமே இறங்கிவிடுகிறது. பேரிடர் அரிதாக வரும் காலத்துக்குப் பொருத்தமான இந்தச் சூத்திரம், பேரிடர் வழக்கமாகிவிட்ட காலத்தில் விவசாயிக்கு எதிராக வேலை செய்கிறது. நெல் வயலில் வெள்ளம் தேங்கி ஏற்படும் இழப்பைத் தனி வயல் அளவில் கணக்கிடும் பிரிவு 2018-இல் நீக்கப்பட்டது. 2026 காரிப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. இதோடு, ஒரு நாளில் இத்தனை சென்டிமீட்டர் மழை, இத்தனை நாள் தண்ணீர்த் திறப்பு நிறுத்தம் என்ற அளவுகளைத் தாண்டியதும், பரிசோதனைக்குக் காத்திராமல் ஒரு பகுதித் தொகையை உடனே தரும் முறையும் வேண்டும். மறுநடவுக்கு நாற்று வாங்கப் பணம் வேண்டியது நவம்பரில். இழப்பீடு அடுத்த ஆடியில் வந்தால் அது பழைய கடனை அடைக்க மட்டுமே உதவும்.

காப்பீடு, நிவாரணம், கூட்டுறவுக் கடன், கொள்முதல் ஆகிய எல்லாவற்றுக்கும் வாயிலாக நிற்பது ஒரு தாள்: எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல். டெல்டாவில் பயிர் செய்வோரில் பெரும் எண்ணிக்கையினர் குத்தகைதாரர்கள். கோயில் நிலமும் மடத்து நிலமும் தனியார் நிலமும் அவர்கள் கையில் இருக்கின்றன. பெரும்பாலான குத்தகை வாய்மொழி ஏற்பாடு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே தமிழகம் சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் பதிவு செய்தால் குத்தகையாளரை வெளியேற்றவே முடியாது என்று நில உடைமையாளர் அஞ்சுகிறார், அந்த அச்சத்தால் குத்தகையே போய்விடும் என்று குத்தகையாளர் அஞ்சுகிறார். இருவரும் சேர்ந்தே பதிவைத் தவிர்க்கிறார்கள். வெள்ளத்தில் பயிரை இழப்பது ஒருவர், நிவாரணத்துக்குத் தகுதி பெறுவது இன்னொருவர் என்ற நிலை அதனால் வருகிறது. நில உடைமையை அளவுகோலாகக் கொண்ட பி.எம். கிசான் உதவித்தொகையில் குத்தகையாளருக்கு இடமே இல்லை. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி, நில உரிமையைத் தொடாத பதினொரு மாத அட்டையை அறிமுகம் செய்தது. அதிலும் உடைமையாளரின் ஒப்புதல் தேவைப்படுவதால் அது முழுமையாகப் பலித்துவிடவில்லை. ஆயினும் பயிர் யாருடையது என்பதை நிலம் யாருடையது என்பதிலிருந்து பிரித்துப் பார்க்கும் அந்த வழி சரியானது. தமிழகத்தில் கோயில் நிலங்கள் அரசின் மேற்பார்வையில் இருப்பதால், அங்கிருந்தே இதைத் தொடங்கலாம். எந்தத் தனியாரின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

விதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இந்தத் துறையில் அறிவியல் தன் பங்கைப் பெருமளவு செய்துவிட்டது. 1922 முதல் இயங்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் டெல்டா முழுவதும் இருக்கின்றன. ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து எடுத்த வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்-1, இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரும். பிறகு ஏன் எல்லோரும் அதைப் போடுவதில்லை? அது நூற்றைம்பது நாளைத் தாண்டும் நீண்டகால ரகம். ஆகஸ்டு கடைசியில் தண்ணீர் வரும் ஆண்டில் அதை விதைக்கவே நாள் போதாது. அரிசியும் மோட்டா ரகம் என்பதால் வெளிச்சந்தையில் நல்ல விலை கிடைக்காது. ஆக, வெள்ளத்தைத் தாங்கும் விதையின் பயன்கூடத் தண்ணீர் திறக்கும் நாளிலும் வாங்கும் இடத்திலும்தான் வந்து நிற்கிறது. களர்பாலை, குழியடிச்சான் போன்ற நாட்டு ரகங்கள் உவர்நிலத்தில் நிற்கக்கூடியவை. அவற்றைக் காக்க 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் நாட்டு நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன் பெயரில் இயக்கம் அறிவிக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் திருவிழாவில் கைப்பிடி விதை கொடுப்பதோடு நின்றால் போதாது. மறுவிதைப்புக்கென ஒவ்வொரு வட்டாரத்திலும் குறுகியகால ரக விதையை இருப்பில் வைத்திருக்க வேண்டும், பயன்படாத ஆண்டில் அது அரிசியாகப் போனாலும் பரவாயில்லை என்று தணிக்கைத் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறைகளுக்கும் இதே நிலைதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மீண்டும், நீர் கட்டுவது விளைச்சலைக் குறைக்காமல் தண்ணீரை மிச்சப்படுத்தும். வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனையும் குறைக்கும். ஆனால் முறைப்பாசனத்தில் அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடை விவசாயி, வந்த தண்ணீரை வரப்பு முட்டத் தேக்கிவைப்பார். அவருக்குப் பயிற்சி முகாம் நடத்துவதைவிட, வாய்க்காலில் முறை தவறாமல் தண்ணீர் விடுவது நல்ல பயிற்சி. போர்செட் உள்ள தலைமடையில் சிக்கல் வேறு. இலவச மின்சாரம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதை நிறுத்துவது அரசியலில் நடவாது, நடக்கவும் தேவையில்லை. பஞ்சாப் 2018-இல் ஒரு வழியைச் சோதித்தது. ஒவ்வொரு பம்புசெட்டுக்கும் ஒரு மின் அளவு ஒதுக்கி, அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயிக்குக் கொடுத்தார்கள். டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டே உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழகத்தின் காவிரிப் பங்கைக் குறைத்தது என்பதால், அந்த நீரைக் காப்பது இங்கே இரட்டிப்பு அவசியம். மீட்டர் பொருத்துவது கட்டணத்துக்கான முன்னோட்டம் என்ற சந்தேகத்தைப் போக்க, கட்டணம் விதிக்கப்படாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டுத் தொடங்குவதுதான் வழி.

தண்ணீர் குறைவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது வடியாமல் நிற்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆண்டுதோறும் ஜூன் 12-க்கு முன்பு நடக்கும் தூர்வாரும் பணி பாசன வாய்க்கால்களை மையமாகக் கொண்டது. நவம்பரில் பயிரைக் காப்பது வடிகால். அதுவோ ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனில், அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க எடுக்கப்பட்ட வெண்ணாற்று உபவடிநிலத் திட்டம், பருவநிலைத் தகவமைப்பு என்ற பெயரிலேயே அமைந்தது. பெரிய ஆறுகளுக்கு அது செய்ததை, ஊருக்குள் ஓடும் சிறு வடிகால்களுக்கு ஊராட்சிகள் செய்ய வேண்டும். ஆனால் அதற்கென அவற்றிடம் தனி நிதி இல்லை. ஊரக வேலைத் திட்டத்தில் செய்கிறார்கள் என்றாலும் அது பெரும்பாலும் வேலை கிடைக்கும் மாதத்தைப் பொறுத்தது, மழை வரும் மாதத்தைப் பொறுத்ததன்று.

முன்னறிவிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்ட அளவில் விவசாயிக்கு வானிலை ஆலோசனை தர வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைக்கப்பட்ட 199 வேளாண் வானிலைப் பிரிவுகளை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் மூடியது. ஐதராபாத்தின் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு மாற்றுப் பயிர்த் திட்டங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. மழை இத்தனை வாரம் தள்ளிப்போனால் என்ன விதைப்பது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஆனால் அவற்றை நிறைவேற்ற யாருக்கும் பணமோ அதிகாரமோ ஒதுக்கப்படவில்லை. ஆட்சியர் நடத்தும் மாதாந்திரக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தத் திட்டத்தை மேசைமேல் வைத்து, இந்த மாதம் இதைச் செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் மாவட்டத்துக்கு வந்தால், சென்னையிலிருந்து வரும் அரசாணைக்காகப் பயிர் காத்திருக்க வேண்டாம்.

இவை எல்லாம் செய்தாலும் தீராத ஒரு பகுதி உண்டு. வேதாரண்யம், தலைஞாயிறு, கொள்ளிடம் வட்டாரங்களின் கடலோர ஊர்களில் கடல்நீர் நிலத்தடியிலும் ஆற்று முகத்துவாரத்திலும் உள்ளே வருகிறது. ஆற்றின் கடைசியில் கதவுகளோடு கட்டப்படும் இயக்கணைகள் ஓரளவு தடுக்கும். உவர் தாங்கும் ரகங்கள் சில ஆண்டுகள் தாங்கும். அதற்கு மேல் அந்த நிலத்தில் நெல் நிலைக்காது. அந்த விவசாயிகளுக்கு இப்போதைக்கு ஒவ்வோர் ஆண்டும் நிவாரணம் தரப்படுகிறதே தவிர, அந்த நிலத்தின் எதிர்காலம் பற்றிய திட்டம் எதுவும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் ஹைட்ரோகார்பன் போன்ற தொழில்களைத் தடுத்தது. உப்பைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை. எந்தெந்த ஊர்களில் இன்னும் எத்தனை ஆண்டு நெல் சாத்தியம் என்று மண்ணையும் நீரையும் அளந்து, ஊர்க் கூட்டத்தில் வைத்து, மீன் வளர்ப்போ தீவனப் புல்லோ அலையாத்திக் காடோ எதற்கு மாறுவது, மாறும் இடைக்கால ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது, குத்தகையாளருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதில் என்ன பங்கு என்பதை அவர்களோடு பேசி எழுதிக்கொள்ளும் வேலையை வேளாண் துறை, வருவாய்த் துறை, மீன்வளத் துறை மூன்றும் சேர்ந்து இப்போதே தொடங்க வேண்டும்.